வலப்பக்கம் பை வைத்த சட்டை

தென்காசிக்கு என் படங்கள் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன, தொப்பலாக நனைந்து.

நான் வந்த பேருந்து புளியங்குடிக்கு வெளியே நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டேன். "வண்டிக்கு வயசாயிட்டு" என்று மட்டும் சொன்னார் நடத்துநர். என் முழங்காலுக்கும் அதே கோளாறுதான் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்து வந்த பேருந்தில் படி வரை ஆட்கள். என் கையிலோ ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைக் குழாய், அதற்குள் பன்னிரண்டு ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். "ஒண்ணு நீங்க ஏறணும், இல்லாட்டா அந்தக் கொழா ஏறணும். ரெண்டுக்கும் எடமில்ல" என்றார் புது நடத்துநர்.

எலுமிச்சை மூட்டைகளோடு நின்ற ஒரு சின்ன லாரிக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கன குடுங்கம்மா. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சிருதேன். நம்பிக் குடுங்க." நம்பிக் கொடுத்தேன். சொன்னபடியே வைத்திருந்தார், அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. தார்ப்பாயை எலுமிச்சைக்குப் போர்த்திவிட்டுக் குழாயை அதற்கு மேலே கட்டியிருந்தார். வழி முழுக்கச் சாரல்.

நான் கோயம்புத்தூரில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பெரியவர்களுக்குப் படம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். வரைவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. என் வகுப்பில் யாரும் பென்சிலைத் தொட வேண்டாம். ஒரு படத்தை முன்னால் வைப்பேன். பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதன் பிறகு கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும், மனதில் பட்டதைச் சொல்லக் கூடாது. "அந்த அம்மா சோகமாக இருக்கிறாள்" என்றால் விட மாட்டேன். "தலை குனிந்திருக்கிறது, ஒரு காலில் செருப்பு இல்லை" என்று சொல்ல வைப்பேன். நூலகங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் இதற்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். என் மருமகள் இதை வெட்டி வேலை என்பாள். அவள் சொன்னது எவ்வளவு தப்பு என்று தென்காசிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டீக்கடையில் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் விறைப்பாக நின்றிருந்தார். வேலாயுதம், ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். ஊரில் எல்லாருக்கும் ஏட்டய்யா. என்னைக் கூப்பிட்ட வாசகர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர்.

"வாங்க டீச்சர். படமெல்லாம் தண்ணி குடிச்சிட்டு. வெயில்ல காயப் போட்டாத்தான் பிரிக்க முடியும்."

"இங்கே வெயில் எப்போது வரும்?"

"ஆடி முடியட்டும்" என்றார்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மாக் கிடந்தது. நாலு சுவரிலும் பழைய சாம்பார் வாசனை ஊறியிருந்தது. மாலை ஐந்து முதல் ஏழு வரை, ஐந்து நாள். பதினாலு பேர் வந்திருந்தார்கள். ஏட்டய்யா வருகைப் பதிவேடு வைத்துப் பெயர் கூப்பிட்டார், நாற்பது வயதுக்காரர்கள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள். எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்டால் பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள்.

ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். சங்கர் போட்டோ ஸ்டுடியோவும் பிளெக்ஸ் கடையும் வைத்திருக்கிறவர். "கலர் சென்ஸ் கொஞ்சம் கூடட்டும்னு வந்தேன் டீச்சர். இந்த ஊருல கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்ம கைதான்." அவருக்கு எதிரே சைத்தூன், வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவர். கணவர் சவூதியில். "ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாத எடத்துல இருக்கணும்னு வந்தேன்" என்றார். சிரித்தோம்.

கடைசி வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் முப்புடாதி. எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல ஒரு படம் இருக்கு டீச்சர். அதப் பாக்கத் தெரியல."

"பார்க்கத் தெரியலை என்றால்?"

"தெனமும் பாக்கேன். ஆள் தெரிய மாட்டேங்கு."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏட்டய்யா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

என் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. வேறு வழியில்லாமல், நாளை முதல் அவரவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஒன்றை எடுத்து வாருங்கள் என்றேன். கைவசம் சரக்கு இல்லாதவள் அந்த நேரத்துக்குச் செய்த சமாளிப்பு, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை ஏட்டய்யா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். உண்மையில் அங்கே இருக்கும் சித்திர சபைச் சுவரோவியங்களைப் பார்க்கிற ஆசையில்தான் இந்த ஊருக்கு வரவே ஒப்புக்கொண்டேன். "அது எங்க போயிரும்? முதல்ல அருவி" என்றார். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக நூற்றுக்கணக்கான பேர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் மட்டும் தொழிலை விடவில்லை. "அருவி தொறக்காட்டா என்னலே, ரூமு பைப்புல குளி. ஒடம்புக்குத் தெரியவா போகுது?" என்று ஒரு இளைஞனை மடக்கிக்கொண்டிருந்தார். நான் மங்குஸ்தான் பழம் வாங்கினேன். நாலில் மூன்று சொத்தை.

ஏட்டய்யா அருவியைப் பார்க்கிற விதமே வேறு. "அந்தப் பாறையில ஒருத்தன். அந்த வளைவுல ரெண்டு காலேஜ் பயலுவ. அங்கன ஒரு புது மாப்பிள்ளை" என்று விரல் நீட்டிக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு அருவியே கண்ணில் படாதா?" என்று கேட்டேன்.

"ரிட்டயர் ஆன பெறகு ஒரு நா வந்து சும்மா நின்னு பாத்தேன் டீச்சர். அழகாத்தான் இருக்கு."

திரும்பும் வழியில் சிற்றாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கீழே ஒரு தடுப்பணை. தண்ணீர் செங்காவி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து ஆள் தெரியலன்னு சொல்லிச்சுல்லா, முப்புடாதி. அவ வீட்டுக்காரன் இசக்கிமுத்து. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுல லோடுமேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே ஆடியில காணாமப் போனான். நாலு நாள் கழிச்சு அந்தா, அந்த அணைக்குக் கீழ ஒதுங்கிக் கெடந்தான். என் சர்வீஸ்ல கடைசி கேஸ் அதுதான்."

"அவன்தான் என்று எப்படித் தெரிந்தது?"

"மூஞ்சி ஊதிப் போச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. புருவத்துக்கு மேல தழும்பு இருந்துச்சு, காணவில்லை நோட்டீஸுலயும் அதே தழும்பு. அண்ணன்காரன் வந்து பாத்துட்டு ஆமான்னான். அன்னைக்கே எரிச்சாச்சு."

"அவள் பார்க்கவில்லையா?"

"பொம்பளைகளப் பிணவறைக்குக் கூட்டிட்டு வர மாட்டாவ டீச்சர். உங்க ஊருல வருவாவளோ?"

வர மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவர் திரும்பிச் சொன்னார். "அந்தப் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பதினாறு வரைக்கும் விடல. கல்நெஞ்சுக்காரின்னு ஊரே பேசிச்சு."

அன்று மாலை வகுப்புக்கு வந்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு செத்தவர்கள். மாலை போட்ட மாமனார், பொட்டு வைத்த மாமியார், ராணுவ உடுப்பில் ஒரு தம்பி. மிச்சம் சாமிகள். உயிரோடிருப்பவர்களைச் சுவரில் மாட்டுகிற வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், இதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. முப்புடாதி வெறுங்கையோடு வந்திருந்தாள். "செத்தவர் படத்த ஆணியில இருந்து எறக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லுதா. நாளைக்கு அவ கோயிலுக்குப் போவா. அப்ப எடுத்துட்டு வாரேன்."

எடுத்து வந்தாள்.

மூன்றாம் நாள் நல்ல மழை. படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவளை விட அது நனையாமல் இருந்தது. பந்தி மேசையில் வைத்து, பின்னால் ஒரு சாம்பார் வாளியை முட்டுக் கொடுத்தேன். ஒன்றரை அடி உயரச் சட்டகம். பிளாஸ்டிக் சந்தன மாலை. கண்ணாடிக்கு மேல் நெற்றியில் குங்குமப் பொட்டு. இளநீலச் சட்டை போட்ட ஓர் ஆள், மார்பு வரைக்கும். அவருக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் போனவர் படத்துக்குப் பின்னால் அருவி. எனக்குச் சுருக்கென்றது. "எல்லாருக்கும் அதே பேக்ரவுண்டுதான் டீச்சர், நம்ம ஊரு அருவில்லா" என்றார் சங்கர். படம் அவர் கடையில் செய்ததாம்.

பத்து நிமிடம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். முதல் ஆள் "சிரிக்காரு" என்றார். "என்ன தெரிகிறது?" என்று மடக்கினேன். "பல்லு தெரியல. கன்னம் மேல ஏறியிருக்கு" என்று திருத்திக்கொண்டார். ஏட்டய்யா எழுந்து நின்று ஒப்பித்தார். "வலது புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு. நீளம் ஒரு இஞ்சுக்குச் சற்றுக் குறைவு."

அடுத்து சைத்தூன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சட்டப் பை வலப்பக்கம் இருக்கு டீச்சர்."

"சபாஷ்" என்றேன் நான். கை கூடத் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கை மேல் ஆத்திரம் வருகிறது.

"எந்தத் தையக்காரனும் ஆம்பிளச் சட்டைக்கு வலப்பக்கம் பை வைக்க மாட்டான். பட்டனும் மாறியிருக்கு. பொம்பளச் சட்டை மாதிரி எடப்பக்கம் வந்திருக்கு."

சங்கர் சிரித்தார். "அது கவுத்துப் போட்டது அக்கா. கண்ணாடியில தெரியுத மாதிரி. ஒரிஜினல்ல அவரு வெளிய பாத்துட்டு இருந்தாரு. நோட்டீஸுல மூஞ்சி எழுத்தப் பாத்து இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். எல்லாக் கடையிலயும் அப்படித்தான் செய்வோம். பைய யாரு பாக்கா?"

"எந்த நோட்டீஸு?" என்றார் ஏட்டய்யா.

"காணவில்லை நோட்டீஸுதான் அண்ணாச்சி. அதே படத்துக்குத்தான் பெறவு மாலை போட்டுக் குடுத்தேன்."

"தழும்பு வலதுன்னு யாருலே சொன்னா உனக்கு?"

சங்கரின் சிரிப்பு நின்றது. "யாரும் சொல்லல. புருவத்துல தழும்புன்னாவ. நான் ஸ்கிரீனப் பாத்து வலதுன்னு அடிச்சேன்."

முப்புடாதி எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். வலது உள்ளங்கையை மேசை மேல் வைத்து, அதன் மேல் கன்னத்தைச் சாய்த்தாள், தலையணையில் படுப்பது போல. எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"அவரு இப்படித்தான் படுப்பாரு. வலப்பக்கம் ஒருக்களிச்சு. தழும்பு மேல தெரியும். பழப்பெட்டி சரிஞ்சு பட்ட காயம். நான் அதப் பாத்துக்கிட்டே கெடப்பேன்." இன்னொரு கையால் தன் புருவத்தைத் தொட்டாள். இடது புருவம்.

நிமிர்ந்தாள். "எடது" என்றாள்.

ஏட்டய்யா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான் எழுதினது வலது. ஒடம்புல இருந்ததும் வலது. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப?" என்றார் சைத்தூன். வாளி கொஞ்சம் நகர்ந்து படம் சரிந்தது, சங்கர் பாய்ந்து பிடித்தார். முப்புடாதி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நாங்க எரிச்சது யாரை?" என்றாள். குரல் உயரவில்லை. கடையில் விலை கேட்பது போலத்தான் கேட்டாள். பிறகு படத்தைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் கேரள எல்லைப் பக்கத்துக் கடைகளில் ஒன்றில் பரோட்டா சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நாலு பரோட்டா தின்றேன், சால்னா இரண்டு முறை வாங்கினேன்.

நான்காம் நாள் காலை, விடுதி வாசலில் ஒருவர் என்னைக் கேட்டு வந்திருந்தார். இசக்கிமுத்துவின் அண்ணன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சண்டை போட வந்தவர் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். அடுத்தவர் இருப்பிடத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் அவருக்கு இல்லை போல.

"படம் பாக்கச் சொல்லிக் குடுக்க டீச்சர் நீங்கதானா?" முருங்கைக்காயை என் கையில் திணித்துவிட்டுத்தான் சத்தம் போட்டார். "உங்கள யாரு இங்க கூப்பிட்டா? ரெண்டு வருசமா எங்க வீட்டுல அடங்கிக் கெடந்தத நோண்டி விட்டுட்டிய. செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறான். எங்க அம்மைக்கு இன்னும் சொல்லல. சொன்னா, 'என் மவன் எங்கலே'ன்னு என்னியக் கேப்பா. நான் எங்க போயித் தேட?"

விடுதிப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. டீ சொன்னேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். பாதி குடித்த பிறகு குரல் இறங்கியது.

"ஒடம்ப நான் பாக்கல டீச்சர்."

மிச்ச டீயையும் குடித்து முடித்தார்.

"உள்ள போனதும் நாத்தம். மூக்கப் பொத்திக்கிட்டேன். கையில நோட்டீஸு இருந்துச்சு. ஏட்டய்யா தழும்பு, வலது புருவம்னு வாசிச்சாவ. நான் நோட்டீஸப் பாத்தேன். அதுலயும் வலது. ஆமான்னுட்டேன். ஒடம்பு பக்கம் திரும்பவே இல்ல. என் தம்பி மூஞ்சிய அப்படிப் பாக்க எனக்கு மனசு வரல. இத நான் யாருட்டயும் சொன்னதில்ல."

இடப்பக்கமா வலப்பக்கமா என்று அப்போது கூடவா தோன்றவில்லை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. என்னுடைய சொந்த அண்ணனுக்குக் கழுத்தில் மச்சம் உண்டு. எந்தப் பக்கம் என்று யோசித்தேன், தெரியவில்லை. கேள்வியை விழுங்கிக்கொண்டேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்று வகுப்புக்கு ஐந்து பேர்தான். முப்புடாதி இல்லை, சங்கரும் இல்லை. ஏட்டய்யா பெயர் கூப்பிடும்போது அவள் பெயருக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். மழை விடட்டும் என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் வாசலில் நின்றோம்.

"காலையில ஒரு மனு எழுதிக் குடுத்திருக்கேன். பழைய கேஸத் திரும்பப் பாக்கணும்னு. பாப்போம்னாவ" என்றார். பிறகு, "முப்பது வருசம் எனக்கு வேலையே பாக்குறதுதான் டீச்சர். ஒரு பொம்பளைட்ட ஒரு வார்த்தை, 'எந்தப் பக்கம்மா'ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்கத் தோணல. ஆம்பிளை வந்தாச்சு, பாத்தாச்சு, கையெழுத்துப் போட்டாச்சுன்னு இருந்துட்டேன்."

"நான் இந்த ஊருக்கு வராமல் இருந்திருந்தால்?"

"வராம இருந்திருந்தா அந்தப் பொண்ணு சாகுற வரைக்கும் யாரோ ஒருத்தனுக்குப் பூ வச்சிட்டு இருந்திருப்பா. அது நல்லதா, இது நல்லதான்னு எனக்குத் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை தனியாகச் சித்திர சபைக்குப் போனேன். பல வருட ஆசை. சுவர் முழுக்க உருவங்கள், பச்சையும் காவியும் மஞ்சளுமாக. என் விதிப்படி ஒரு சுவருக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். எந்தக் கையில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இடது வலதாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படமும் மனதில் நிற்கவில்லை. வெளியே வந்து நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் பேருந்து ஏறினேன். எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதை விட நன்றாகவே இருந்தது.

கடைசி வகுப்புக்குப் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள். செய்தி பரவியிருந்தது. கடைசியாக முப்புடாதியும், அவளுக்கு இரண்டடி பின்னால் சங்கரும் வந்தார்கள். சங்கர் சவரம் செய்திருக்கவில்லை. ஒரு படத்தை என்னிடம் நீட்டினார். அதே ஆள், அருவி இல்லாமல், மாலை இல்லாமல். பை இடப்பக்கம், தழும்பும் இடப்பக்கம். முகம் வெளியே பார்த்தபடி இருந்தது.

"ராத்திரியே போட்டுக் குடுத்தேன்" என்றார் சங்கர், என்னைப் பார்க்காமல்.

"ஆள் தெரிகிறதா?" என்று முப்புடாதியிடம் கேட்டேன்.

"தெரியுது டீச்சர். இவருதான்." படத்தை வாங்கிப் பார்த்தாள். "அன்னைக்கு எலுமிச்சை லோடு முடிச்சு வந்தவர, சோத்த வச்சிட்டு 'எங்கயாவது போய்த் தொலையும்'னு சொன்னேன். சாப்பிடாமப் போனாரு. அவரு செத்ததுக்கு நான் சொன்ன சொல்லுதான் காரணம்னு ரெண்டு வருசமா நெனச்சிக் கெடந்தேன். இப்ப, சொன்ன சொல்லக் கேட்டு எங்கயோ இருக்காரோ என்னமோ."

"இதை வீட்டில் மாட்டப் போகிறாயா?"

"எங்க மாட்ட? உசுரோட இருக்கவரச் செவுத்துல மாட்ட மாட்டோம். செத்தவர மாட்டணும்னா செத்தது தெரியணும். பீரோவுல சேலைக்கு நடுவுல வச்சிக்கிடுதேன்." அழவில்லை. படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தாள். "டீச்சர், இன்னைக்கு நான் கொண்டு வந்தத எல்லாரும் பாக்கணும்."

சுவரொட்டி ஒன்றின் மாதிரி அது. சங்கர் வழக்கம்போல ஓரத்தில் அருவியைப் போட்டிருந்தார், அதை அவள் பேனாவால் அடித்திருந்தாள். நடுவில் படம் வைக்கிற கட்டம் காலியாக இருந்தது. கட்டத்துக்குக் கீழே, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு வரி.

"எரிச்சது யாருன்னு தெரியல. ஆனா அவரும் ஒரு வீட்டுல காணாமப் போனவருதான். அங்கன ஒருத்தி நோட்டீஸு அடிச்சிட்டுக் காத்துக் கெடப்பா. என்னால எம்புட்டு முடியும்னு யோசிச்சேன். இதுதான் முடியும். என்ன எழுதணும்னு சொல்லுங்க. கண்ணுல பட்டத மட்டும்."

முதலில் ஏட்டய்யா எழுந்தார். பதிவேட்டைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தன் கடைசிக் கேஸை வரி வரியாகச் சொன்னார். வலது புருவத்துக்கு மேல் தழும்பு. கறுப்பு அரைஞாண் கயிறு. பச்சைக் கட்டம் போட்ட கைலி. இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. அந்த அறையில் அந்த மனிதரை உண்மையாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சங்கர் எழுதிக்கொண்டார். "பாவம், நல்ல மனுசர்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடலாமா?" என்று ஒருவர் கேட்டார். "அது கண்ணுல பட்டதில்லல்லா" என்றார் சைத்தூன். சேர்க்கவில்லை. இரண்டு மணி நேரம் அதை எழுதினோம், அடித்தோம், திரும்ப எழுதினோம். ஐந்து நாளில் நான் நடத்திய ஒரே ஒழுங்கான வகுப்பு அது. நான் ஒன்றுமே சொல்லவில்லை.

கடைசி இரண்டு வரியை அவளே சொன்னாள். அது கண்ணில் பட்டதும் அல்ல. என் விதிக்குப் புறம்பானது. யாராவது ஆட்சேபிப்பார்களா என்று பார்த்தேன், எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏட்டய்யா என்னைப் பேருந்து நிலையத்தில் விட்டார். முருங்கைக்காய்க் கட்டு என் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் குழாய் அவர் வீட்டில் தங்கிவிட்டது, காய்ந்தால் அனுப்புவதாகச் சொன்னார். சாரல் இல்லை. கழிப்பறைச் சுவரில் பசை காயாமல் அந்தச் சுவரொட்டி இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணீர் அஞ்சலிகள், அருவிகளோடு. நடுவில் காலிக் கட்டம். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி எடுக்கிற வரைக்கும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"இவர் எங்கள் வீட்டு ஆள் இல்லை. தவறுதலாக எங்கள் வீட்டு ஆள் என்று எரித்துவிட்டோம். வலது புருவத்தின் மேல் தழும்பு. கறுப்பு அரைஞாண் கயிறு. பச்சைக் கட்டம் போட்ட கைலி. இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. சிற்றாற்றில் கிடைத்தார். கொள்ளி வைத்தோம். சாம்பல் கரைத்தோம். பதினாறு செய்தோம். எதிலும் குறை வைக்கவில்லை. நான் மட்டும் அழவில்லை. அது உங்களுக்காக அப்படியே இருக்கிறது, வந்து அழுதுகொள்ளுங்கள். இப்படிக்கு, முப்புடாதி."